அபிவிருத்திக் கல்வியும் கொழும்பு மாநகரும்

தமிழில் 'வளர்ச்சி' என்று ஒரு சொல் இருக்க, 'அபிவிருத்தி' என்று வேறொரு சொல் எதற்கு என்று வினவுவோர் உளர். தமிழ்நாட்டார் பெரும்பாலும் வளர்ச்சி என்ற ஒன்றையே இரு பொருளுக்கும் வழங்குவர். இலங்கையிலோ பொருளியல் கற்கும் மாணவனுக்குத் தொடக்கத்திலேயே இவ்விரண்டும் பிரித்துக் காட்டப்படுகின்றன. நாட்டின் மொத்த உற்பத்தி ஆண்டுக்காண்டு மிகுவது வளர்ச்சி. அம்மிகுதி மக்களின் ஆயுளிலும், கல்வியிலும், உண்ணும் உணவிலும், செய்யும் தொழிலிலும் வந்து படிவது அபிவிருத்தி. முன்னது மிக, பின்னது மிகாதிருத்தல் கூடும். முன்னது தளர்ந்திருக்கவும் பின்னது முன்னேறுதல் கூடும். இந்த வேறுபாட்டை உலகப் பல்கலைக்கழகங்கள் ஒரு தனித் துறையாக எடுத்து ஆராயத் தொடங்கியபோது அவற்றின் கையில் இருந்த சான்றுகளுள் இலங்கையும் ஒன்று. அச்சான்று திரண்ட வரலாற்றின் பெரும்பகுதி கொழும்பு மாநகரில் நிகழ்ந்தது.

ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளில் இன்று 'சர்வதேச அபிவிருத்தி' என்பது பல்கலைக்கழக மாணவர் தெரிந்தெடுத்துக் கற்கும் சிறப்புப் பாடமாக விளங்குகின்றது. பொருளியல், அரசியல், குடிசனப் புள்ளிவிவரம், பொதுச் சுகாதாரம், மானிடவியல் ஆகியவற்றிலிருந்து பகுதி பகுதியாக எடுத்துத் தொடுத்த பாடம் அது. அதைக் கற்பவன் புத்தகத்தோடு நின்றுவிடாது ஏதேனும் ஒரு நாட்டிலோ ஊரிலோ சென்று களஆய்வு செய்தலும் வேண்டும். வேறு துறைகளிலிருந்து கடன் வாங்கிய அறிவு என்று இதனை இகழ்வாரும் உண்டு. அவ்விகழ்ச்சியில் ஓரளவு நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் வறுமை என்பது துறைபிரித்துக்கொண்டு வருவதில்லை. நோயும் கடனும் கல்லாமையும் ஒரே வீட்டுக்குள் ஒருங்கே புகுவன.

கொட்டாஞ்சேனையில் நின்று பார்த்தவனுக்கு இலங்கையின் பொருளாதாரம் ஒரு காலத்திற் கண்கூடாகவே தெரிந்தது. 1875-ஆம் ஆண்டு கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன்பின் காலியின் கப்பல்கள் மெல்ல மெல்லக் கொழும்புக்கு வந்து சேர்ந்தன. மலைநாட்டிலிருந்து புகைவண்டியில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் இங்கே கப்பலேறின. பர்மாவின் அரிசி மூட்டைகள் இங்கே கப்பலிலிருந்து இறங்கின. விற்பதும் கடல் கடந்து, உண்பதும் கடல் கடந்து என்ற நிலை. தேயிலைக்கும் இறப்பருக்கும் லண்டனில் விலை சரிந்தால், கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிவது ஐயமாகிவிடும். இதனைக் கண்டறியப் பட்டம் வேண்டுவதில்லை. ஆனால் கண்டதை எண்ணாக்கி, எண்ணை வாதமாக்குவதற்குக் கல்வி வேண்டும்.

துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட அதே 1875-இல் சிவில் சேவையிற் புகுந்தவர் பொன்னம்பலம் அருணாசலம். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலை எடுப்பித்த பொன்னம்பல முதலியாரின் புதல்வர், கேம்பிரிட்ஜிற் கற்றவர், தேர்வெழுதி இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையர். பதிவாளர் நாயகமாக இருந்து பிறப்பு, இறப்பு, காணிப் பதிவுகளைச் சீர்செய்தார். 1901-ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு இவரது மேற்பார்வையிலேயே நடைபெற்றது. தீவின் மக்கள் 35 இலட்சத்து 65 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர் என்று அக்கணக்கு காட்டிற்று. தலைகளை எண்ணியதோடு அருணாசலம் அமையவில்லை. மக்களின் வரலாறு, சமயம், மொழி, எழுத்தறிவு, தொழில் ஆகியவற்றை விரித்துரைக்கும் நூலாகவே அவ்வறிக்கையை ஆக்கினார். அரசாங்க அறிக்கைகளை எவரும் விரும்பிப் படிப்பதில்லை என்பது பொதுவிதி; இவரது அறிக்கை அவ்விதிக்கு விலக்கு.

எண்ணியவர் அதன்பின் செய்தவையே இவ்வரலாற்றுக்கு முக்கியமானவை. 1906-இல் இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்து வாதாடினார். 1915-இல் சமூகசேவைக் கழகத்தையும் 1919-இல் தொழிலாளர் நல உரிமைக் கழகத்தையும் நிறுவினார். தோட்டத் தொழிலாளன் தன் கடனைத் தீர்த்துத் 'துண்டு' பெறாமல் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல இயலாத காலம் அது. வேலையை விட்டு நீங்கினால் சிறை. இக்கொடுமைகளுக்கு எதிராக அருணாசலமும் அவரது துணைவரும் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. துண்டு முறை 1921-இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கணக்கெடுப்பும், பல்கலைக்கழகமும், தொழிலாளர் நலனும் ஒருவரது வாழ்க்கையிலேயே ஒன்றுகூடியதைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை. 'அபிவிருத்தி' என்னும் துறைக்குப் பெயர் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே அதன் மூன்று கால்களும் கொழும்பில் ஊன்றப்பட்டிருந்தன.

அருணாசலம் கேட்டது பல்கலைக்கழகம். 1921-இற் கிடைத்தது பல்கலைக்கழகக் கல்லூரி. தேர்ஸ்ரன் வீதியில் ஒரு மாளிகையில் அமைந்த அக்கல்லூரி லண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்தது. கல்லூரியிற் சேர வசதியற்றோர் தாமாகவே படித்து லண்டனின் வெளிவாரித் தேர்வுக்குத் தோற்றினர். வெள்ளவத்தையில் 'சமறி' எனப்பட்ட கூட்டு விடுதிகளில், அரசாங்க அலுவலகங்களில் எழுதுவினைஞராயிருந்த யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் பகலில் கோப்புகளோடும் இரவில் பொருளியற் பாடநூல்களோடும் போராடிய காலம் அது. அவர்கள் கற்ற பொருளியல் இங்கிலாந்தின் பொருளியல். மான்செஸ்டரின் பஞ்சாலை அவர்களுக்குப் பாடத்தில் வந்தது. அவர்களது விடுதிக்கு அணித்தேயிருந்த வெள்ளவத்தை நூற்பு நெசவாலை பாடத்தில் வரவில்லை. அந்நெசவாலையில் 1933-இற் பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் அதிலேதான் தொழிற்சங்கப் பணியின் முதற்பாடத்தைக் கற்றனர். தேர்வுத்தாளில் அதைப் பற்றி எவரும் கேட்டிரார்.

1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் இந்நிலை மாறத் தொடங்கியது. முதல் உபவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் சட்ட அறிஞர்; ஆயினும் 1948-இல் இலங்கையின் பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். வங்காளத்திலிருந்து வந்து பொருளியற் பேராசிரியராயிருந்த பி. பி. தாஸ் குப்தா 1949-இல் இலங்கைப் பொருளாதாரம் பற்றிய ஒரு சுருக்க நூலை வெளியிட்டார். இதற்கிடையே 1945-இல் கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. மாணவன் தன் நாட்டையே பாடமாகக் கற்பதற்குரிய நூலும் வழியும் ஒருங்கே அமைந்தன.

இந்நிலையிலேதான் வெளியுலகம் கொழும்பு நோக்கி வந்தது. 1949 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி ட்ரூமன் பதவியேற்பு உரையாற்றியபோது, பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி நல்குவதைத் தம் கொள்கைகளுள் நான்காவதாக வைத்தார். 'குறைவிருத்தி நாடுகள்' என்னும் தொடர் அரசியல் வழக்கிற் பரவியது அதன்பின்னரே. ஓராண்டு கழித்து, 1950 ஜனவரி 9 முதல் 14 வரை, பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டு அமைச்சர்கள் கொழும்பிற் கூடினர். டி. எஸ். சேனநாயக்கா தலைமை தாங்க, நேரு, பிரித்தானியாவின் பெவின், கனடாவின் லெஸ்டர் பியர்சன், அவுஸ்திரேலியாவின் பேர்சி ஸ்பெண்டர் முதலியோர் அமர்ந்திருந்தனர். ஸ்பெண்டரும் இலங்கை நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் முன்வைத்த யோசனைகளிலிருந்து பிறந்ததே கொழும்புத் திட்டம். அந்த ஆண்டு மே மாதம் சிட்னியிலும் பின்னர் லண்டனிலும் கூடி அதற்கு உருவங் கொடுத்தனர். 1951 யூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இதன் அடியில் ஈகை மட்டும் இருந்ததென்று நம்புவது பேதைமை. 1949-இற் சீனாவில் நிகழ்ந்த புரட்சி மேற்கு நாடுகளின் உறக்கத்தைக் கலைத்திருந்தது. பசியுள்ள இடத்திற் பொதுவுடைமை பரவும் என்ற அச்சம் உதவிக்கு விரைவூட்டியது. திட்டத்தின் முதல் ஆறு ஆண்டுகளுக்கு மதிப்பிடப்பட்ட மொத்தச் செலவு 1,868 மில்லியன் பவுண். அதில் இந்தியாவின் திட்டங்களுக்கு 1,379 மில்லியன். பாக்கிஸ்தானுக்கு 280 மில்லியன். மலாயாவுக்கும் பிரித்தானிய போர்ணியோவுக்குமாக 107 மில்லியன். இலங்கைக்கு 102 மில்லியன். பெயரைக் கொடுத்த நகரம் பங்கில் கடைசியில் நின்றது. சனத்தொகையைக் கருதினால் இதைக் குறையென்று சொல்லவும் முடியாது. தொழில்நுட்ப உதவிக்கென ஒதுக்கிய 8 மில்லியன் பவுண்தான் கல்வி வரலாற்றில் ஆழமான தடம் பதித்தது. அதன் வழியாக ஆசிய இளைஞர் ஆயிரக்கணக்கில் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் சென்று பொறியியலும், மருத்துவமும், வேளாண்மையும், ஆட்சியியலும் கற்றனர். இப்பயிற்சிகளை ஒழுங்குசெய்த பணியகம் நெடுங்காலம் பம்பலப்பிட்டியில், மெல்பேண் அவெனியூவில் இருந்தது; வெள்ளவத்தையிலிருந்து நடந்தே சென்றுவிடலாம்.

இங்கு ஒரு விந்தையையும் குறிப்பிடல் தகும். கொழும்பின் பெயரால் ஒரு சர்வதேசத் திட்டம் ஓடத் தொடங்கிய வேளையில், கொழும்பிலிருந்த பொருளியற் பேராசிரியர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தனர். 1952-இல் பல்கலைக்கழகத்தின் கலைத்துறைகள் பேராதனைக்குப் பெயர்ந்தன. மகாவலிக் கரையின் எழில் கல்விக்கு ஏற்றதென்பதில் ஐயமில்லை. ஆனால் திட்டம் வகுக்கும் செயலகமும், 1950-இற் பிறந்த மத்திய வங்கியும், துறைமுகமும், தொழிற்சங்கங்களும் கொழும்பில் இருக்க, அவற்றை ஆராயவேண்டிய வகுப்பறை எழுபது மைலுக்கு அப்பாற் சென்றது. அடுத்த ஆண்டே கொழும்பு ஒரு பெரும்பாடம் புகட்டியது. 1953-இல் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12-ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி, கணக்கின்படி முழுக்கச் சரியாகவே எழுதப்பட்ட வரி, ஓர் ஆட்சித் தலைவரை வீழ்த்தியது.

உணவு மானியமும், இலவசக் கல்வியும், இலவச வைத்தியமும் நாட்டின் முதலீட்டை விழுங்குகின்றனவா, அல்லது அவைதாமே ஒருவகை முதலீடா என்பது அன்றுமுதல் இலங்கையின் தலையாய வினாவாயிற்று. 1958, 1959-ஆம் ஆண்டுகளில் இவ்வினாவோடு உலகின் தலைசிறந்த பொருளியலார் ஒருவர்பின் ஒருவராகக் கொழும்புக்கு வந்தனர். தேசியத் திட்டச் சபையின் அழைப்பில் ஜோன் றொபின்சன், ஜோன் ஹிக்ஸ், நிக்கலஸ் கால்டோர், போலந்தின் ஒஸ்கார் லாங்கே, சுவீடனின் குன்னார் மிர்டால், அமெரிக்காவின் கால்பிரெய்த் ஆகியோர் வந்து ஆய்வுரை எழுதித் தந்தனர். ஹிக்ஸும் மிர்டாலும் பின்னாளில் நோபெல் பரிசு பெற்றவர்கள். முதலாளித்துவப் பொருளியலாரும் பொதுவுடைமைப் பொருளியலாரும் ஒரே அரசாங்கத்துக்கு ஒரே காலத்தில் யோசனை கூறிய காட்சி வேறெங்கும் எளிதிற் காணக்கூடியதன்று. உற்பத்தியைப் பெருக்குமுன்னரே நுகர்ச்சியின் இன்பத்தை இலங்கை பெற்றுவிட்டது என்ற கருத்தை றொபின்சன் தெரிவித்தார். கால்டோரின் யோசனைப்படி 1959-இற் செல்வ வரியும் நன்கொடை வரியும் செலவு வரியும் விதிக்கப்பட்டன. செலவு வரி நாலைந்து ஆண்டுக்குமேல் தாங்கவில்லை. அதே ஆண்டிற் பத்தாண்டுத் திட்டம் வெளிவந்தது. அதனை ஆக்கிய குழுவின் செயலாளராயிருந்த இளம் பொருளியலார் காமினி கொறயா பின்னர் 1974 முதல் 1984 வரை ஐக்கிய நாடுகள் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டின் செயலாளர் நாயகமாக ஜெனீவாவில் அமர்ந்தார். தேயிலை, இறப்பர் போன்ற மூலப்பொருள்களுக்கு நிலையான விலை வேண்டும் என்று அவர் அங்கே வாதாடியபோது, கொழும்புத் துறைமுகத்தின் பழைய பாடமே உலக அவையில் ஒலித்தது எனலாம்.

வந்த அறிஞர்களின் உரைகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. இதே காலத்தில் வகுப்பறையின் மொழி மாறிக்கொண்டிருந்தது. 1960-ஆம் ஆண்டு முதற் கலைத்துறை மாணவர் சிங்களத்திலும் தமிழிலும் பல்கலைக்கழகத்திற் கற்கத் தொடங்கினர். அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. கேள்வி, நிரம்பல், முதலீடு, மூலதனம், நுகர்ச்சி, குறைவிருத்தி எனச் சொற்கள் நிரை நிரையாக வந்தன. அவற்றுட் சில மாணவர் வாயில் இன்றும் கரடுமுரடாகவே உருள்கின்றன. பல நன்கு நிலைத்தன. ஆனால் சொற்கள் வந்த வேகத்தில் நூல்கள் வரவில்லை. விரிவுரைக் குறிப்பே பாடநூலாயிற்று. அக்குறிப்பைப் படியெடுத்துக் கைமாற்றிக் கற்ற தலைமுறை, வெள்ளவத்தையிற் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திலும் வேறு வாசிகசாலைகளிலும் கிடைத்ததைத் தேடிப் படித்தது. தமிழில் அபிவிருத்தியைக் கற்றவன், அதுபற்றி உலகம் எழுதியதைக் கற்க மறுபடியும் ஆங்கில வாயிலில் நிற்கவேண்டியிருந்தது. இவ்விடர் முற்றாகத் தீர்ந்ததென்று சொல்லிவிட முடியாது.

உலகப் பல்கலைக்கழகங்களில் இத்துறை தனக்கென வீடு கட்டிக்கொண்டதும் இக்காலத்தில்தான். நெதர்லாந்தின் ஹேக் நகரிற் சமூகவியற் கற்கை நிலையம் 1952-இல் தோன்றியது. இங்கிலாந்தின் சசெக்ஸில் அபிவிருத்திக் கற்கை நிறுவகம் 1966-இல் அமைந்தது. சென்னையில், யுனெஸ்கோவின் பிரதிப் பணிப்பாளர் நாயகமாயிருந்து ஓய்வுபெற்ற வேலூர்த் தமிழர் மால்கம் ஆதிசேசையா, 1971-இல் தம் அடையாறு இல்லத்தையே வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமாக்கினார். கொழும்பில் கொட்பிறி குணதிலக்காவின் தலைமையில் 'மார்க' நிறுவகம் 1972-இல் எழுந்தது.

சசெக்ஸ் நிறுவகத்தின் முதற் பணிப்பாளர் டட்லி சியர்ஸ். 1969-இல் புதுடில்லியிற் கூடிய உலக மாநாட்டில் அவர் மூன்று வினாக்களை எழுப்பினார். வறுமைக்கு என்ன நேர்ந்தது, வேலையின்மைக்கு என்ன நேர்ந்தது, ஏற்றத்தாழ்வுக்கு என்ன நேர்ந்தது என்பவை அவை. இவை மோசமாகியிருப்பின், தலைக்குரிய வருமானம் இருமடங்கானாலும் அதனை அபிவிருத்தி என்று அழைத்தல் பொருந்தாது என்பது அவர் கொள்கை. ஈராண்டு கழித்து, 1971-இல், அவரே சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைவராகக் கொழும்புக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்பிரலிற் படித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஆயுதமேந்தி எழுந்து அடக்கப்பட்டிருந்தனர். இலவசக் கல்வி இளைஞனுக்கு எத்தகைய தொழிலை எதிர்நோக்கக் கற்பித்ததோ அத்தகைய தொழிலை நாடு ஆக்கவில்லை என்று தூதுக்குழுவின் அறிக்கை விளக்கிற்று. வறிய நாடுகளின் வேலையின்மை பற்றிக் கற்கும் மாணவர் இன்றும் வாசிக்கும் அறிக்கைகளுள் அது ஒன்று.

சியர்ஸ் கண்டது கசப்பான பக்கம். இனிய பக்கமும் உண்டு. 1946-இல் ஆயிரம் பேருக்கு 20 அளவிலிருந்த இலங்கையின் இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 அளவுக்கு இறங்கியது. மலேரியாவை ஒழித்த டி.டி.ரி. மருந்தே காரணம் என்பர் சிலர். அரிசிப் பங்கீடும், கிராமந்தோறும் எழுந்த ஆஸ்பத்திரியும், எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மாரும் காரணம் என்பர் வேறுசிலர். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றையதை மறுப்பது அறிவுடைமையாகத் தோன்றவில்லை. வருமானத்தில் வறியதாயிருந்த நாடு ஆயுளிலும் எழுத்தறிவிலும் செல்வ நாடுகளை நெருங்கியது என்பது 1970-களின் இறுதியில் உலக அறிஞரின் கவனத்தை ஈர்த்தது. 1981-இல் அமர்த்தியா சென் எழுதிய ஆய்வுரை இலங்கையைப் பொது நடவடிக்கையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டிற்று. வேறு சில ஆய்வாளர் அதனை மறுத்தெழுதினர். அவ்விவாதம் பல்கலைக்கழக வகுப்புகளில் நிலையான பாடமாயிற்று. ஒக்ஸ்போட்டிலும் ஹாவேட்டிலும் இருந்த மாணவன் இலங்கையின் அரிசிக் கூப்பனைப்பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த வேளையில், இலங்கையில் அக்கூப்பன் நீக்கப்பட்டு உணவு முத்திரை வந்துவிட்டது.

ஆயினும் அப்புகழ்பெற்ற புள்ளிவிவரங்களை ஊன்றி நோக்குவோர் ஓரிடத்தில் தயங்கி நிற்பர். அவை நாட்டின் சராசரி. சராசரியைப் பிரித்துப் பார்த்தால் மலைநாட்டில் வேறொரு நாடு தெரியும். 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. வாக்கில்லாதவருக்காகப் பாடசாலை கட்டவும் ஆஸ்பத்திரி எழுப்பவும் அரசியல்வாதி விரைவதில்லை. கன்னங்கராவின் இலவசக் கல்வி தோட்டப் பிள்ளைமடுவத்தின் வாயிலோடு நின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பேற்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேற்சென்றன. 1973, 1974-ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1974-இல் நாடு முழுவதிலும் பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு ஐம்பது அளவில் ஓராண்டு நிரம்புமுன் இறந்தன. தோட்டங்களில் அத்தொகை அதன் இரு மடங்குக்கும் மேல். அவர்கள் பறித்த தேயிலையின் வருமானத்திலேயே நாட்டின் அரிசி மானியம் தாங்கி நின்றது என்பதை எண்ணும்போது, உலகம் வியந்த வெற்றியின் செலவை ஏற்றவர் யார் என்பது விளங்கும்.

இதனைக் கொள்கை அளவில் ஆராய்ந்தவர்களும் இலங்கையிலேயே தோன்றினர். எஸ். பி. டி. டி சில்வா 1982-இல் வெளியிட்ட குறைவிருத்தியின் அரசியற் பொருளாதாரம் பற்றிய பெருநூல், தோட்டத்துறையை நவீனத்துறை என்று கொண்டாடிய வழக்கத்தைத் தகர்த்தது. மலிந்த, கட்டுண்ட உழைப்புக் கிடைக்கும்வரை முதலாளி கருவியைத் திருத்தான், தொழிலாளியைப் பயிற்றான் என்று அவர் காட்டினார். கொழும்புப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய குமாரி ஜயவர்த்தனா இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சியை 1972-இலேயே வரலாறாக எழுதியிருந்தார். வெள்ளவத்தை நெசவாலை கடைசியில் பாடநூலில் இடம்பெற்றது.

இனி நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1967-இற் கொழும்பில் மறுபடியும் தனிப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1972-இல் அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகி, 1979 முதற் கொழும்புப் பல்கலைக்கழகம் என்னும் பெயரோடு நிற்கின்றது. 1970-களில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவரின் பல்கலைக்கழக வாயிலை ஒடுக்கியது. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் இல்லங்களும் கடைகளும் எரிந்தன. ஆயிரமாயிரம் குடும்பங்கள் கடல் கடந்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகளுட் சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் சர்வதேச அபிவிருத்தியைச் சிறப்புப் பாடமாக எடுத்து, இலங்கையை வேற்று நாட்டவரின் நூல்வழிக் கற்றனர். போர் முடிந்த 2009-ஆம் ஆண்டுக்குப் பின் அவர்களுள் ஒருசாரார் களஆய்வுக்கென வன்னிக்கும் மலைநாட்டுக்கும் வந்து சென்றனர்.

இன்று கொழும்பிலேயே அபிவிருத்திக் கற்கையைப் பட்டமேற்படிப்பாகக் கற்க இயலும். வருபவருள் அரசாங்க உத்தியோகத்தர், தொண்டர் ஸ்தாபனங்களில் வேலைசெய்வோர், வங்கியாளர், ஆசிரியர் எனப் பலதரத்தாரும் உளர். அவர்கள் கையாளும் மூலங்களுள் முதன்மையானவை குடிசன மதிப்புப் புள்ளிவிவரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின ஆய்வுகள். மத்திய வங்கி 1953-இலேயே, ஹர்த்தால் நடந்த அதே ஆண்டில், நுகர்வோரின் நிதிநிலையை ஆராயத் தொடங்கியிருந்தது. அவ்வழக்கின் வளர்ச்சியே இவை. இவற்றில் நகரம், கிராமம், தோட்டம் என மூன்று நிரைகள் உண்டு. சராசரிக்குள் மறைந்திருந்த மலைநாட்டுக்குத் தனியிடம் அளித்தது இந்த மூன்றாம் நிரை. 2006/07-இல் நாட்டு மக்களுள் வறியோர் நூற்றுக்கு 15.2, தோட்டத்தில் 32. 2009/10-இல் அது 8.9 ஆகவும் தோட்டத்தில் 11.4 ஆகவும் தாழ்ந்தது. இடைவெளி மூடப்பட்டுவிட்டதென்று அப்போது பலர் மகிழ்ந்தனர். பின்னர் வறுமைக்கோடு புதிய விலைவாசிக்கும் தேவைக்கும் ஏற்பத் திருத்தி வரையப்பட்டது. அப்புதிய கோட்டின்படி 2019-இல் நாட்டில் வறியோர் நூற்றுக்கு 14.3. நகரத்தில் 6; கிராமத்தில் 15; தோட்டத்தில் 33.8.